பத்தாயிரம் அடிக்குக் கீழே

பேருந்தில் ஏறியதும் ஓட்டுநர் இருக்கைக்கு அருகே "ஓட்டுநருடன் பேசாதீர்" என்று எழுதியிருப்பதைப் பலமுறை படித்திருப்பீர்கள். படிக்கும்போது ஒரு சந்தேகமும் எழுந்திருக்கலாம். ஓட்டுநருக்குக் கைகளிலும் கால்களிலும் கண்களிலும்தானே வேலை? வாயும் செவியும் சும்மாதானே இருக்கின்றன? இரண்டு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும்?

நியாயமான சந்தேகம்தான். இதே சந்தேகம் ஆகாய விமானங்களைப் பற்றியும் எழுந்தது. அதற்குச் சரியான விடை தெரிவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு விதி வந்தது. பயணிகள் விமானம் 10,000 அடிக்குக் கீழே ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும்போது, விமானத்தைப் பாதுகாப்பாகச் செலுத்துவதற்குத் தேவையில்லாத எதையும் விமானிகள் பேசக்கூடாது, செய்யவும் கூடாது என்பதே அவ்விதி. இன்று உலகெங்கும் பயணிகள் விமானங்களில் இதே முறை பின்பற்றப்படுகிறது.

ஏன் இந்த விதி? அதிலும் இறங்கும் நேரத்திற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? இதற்கு விடை காண நாம் கொஞ்சம் இயற்பியலும், கொஞ்சம் மனவியலும், மூன்று விபத்துகளின் கதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கரைக்க வேண்டிய ஆற்றல்

முதலில் ஒரு சிறு கணக்கு. 60,000 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பயணிகள் விமானம் 35,000 அடி உயரத்தில் வினாடிக்கு 230 மீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். 35,000 அடி என்பது ஏறத்தாழ 10,700 மீட்டர்.

அதன் நிலையாற்றல் என்ன? நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்குங்கள். 60,000 × 9.8 × 10,700. அதாவது சுமார் 629 கோடி ஜூல். அதன் இயக்க ஆற்றல், நிறையின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். அது சுமார் 159 கோடி ஜூல். ஆக மொத்தம் 788 கோடி ஜூல்.

இதே விமானம் ஓடுபாதையைத் தொடும்போது உயரம் இல்லை. வேகம் வினாடிக்குச் சுமார் 70 மீட்டர். அப்போது அதனிடம் எஞ்சியிருப்பது 15 கோடி ஜூலுக்கும் குறைவு. மீதி 773 கோடி ஜூலையும் வழியிலேயே செலவழித்துவிட்டுத்தான் அது தரைக்கு வர வேண்டும். இறங்குவதற்கு 25 நிமிடம், அதாவது 1,500 வினாடி ஆகிறதென்றால், வினாடிக்கு ஏறத்தாழ 51 லட்சம் ஜூல் கரைய வேண்டும். 75 வாட் மின்விசிறிகள் 68,000ஐ ஒரே நேரத்தில் சுழற்றப் போதுமான திறன் இது!

இவ்வளவு ஆற்றலும் எங்கே போகிறது? தரையில் ஓடும் வண்டிக்கு பிரேக் உண்டு. வானத்தில் காற்றின் தடை ஒன்றுதான் பிரேக். விமானம் காற்றைக் கலக்கியும் சற்றே சூடாக்கியும் தன் ஆற்றலைக் கொஞ்சங் கொஞ்சமாக இழக்கிறது. அவசரப்படுத்தினால் இது நடக்காது. மூக்கைத் தாழ்த்தி விரைவாக இறங்கினால், நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறி வேகம் கூடிவிடும். வேகத்தைக் குறைக்க மூக்கை நிமிர்த்தினால் இறக்கம் தடைப்படும். சரிவில் சைக்கிள் விடும்போது பிரேக் பிடிக்கவில்லையென்றால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே இறக்கத்தை முன்கூட்டியே, வெகு தொலைவிலேயே தொடங்க வேண்டும். இதற்கு விமானிகள் ஓர் எளிய மனக்கணக்கு வைத்திருக்கிறார்கள். உயரத்தை ஆயிரம் அடிகளில் சொல்லி, அதை 3ஆல் பெருக்கினால், இறங்கத் தொடங்க வேண்டிய தூரம் கடல் மைல் கணக்கில் கிடைக்கும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 35,000 அடியென்றால் 35 × 3 = 105 கடல் மைல்; ஏறத்தாழ 194 கிலோமீட்டர்! நீங்கள் ஜன்னல் வழியே வெறும் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரையிறங்கும் வேலை ஆரம்பமாகிவிடுகிறது.

இந்தக் கணக்கில் காலதாமதத்திற்கு என்ன விலை தெரியுமா? வினாடிக்கு 230 மீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம் தாமதித்தால் விமானம் 13.8 கிலோமீட்டர் முன்னே போய்விடும். அதாவது, இருக்க வேண்டிய உயரத்தைவிடச் சுமார் 2,500 அடி அதிக உயரத்தில் இருக்கும். அந்த 2,500 அடியையும் பின்னால் எங்கேயோ ஓரிடத்தில் ஈடுசெய்ய வேண்டும். அதற்குப் புதிய வேலை. அந்த வேலைக்குப் புதிய கவனம்.

ஒன்பது நிமிடங்களில் எத்தனை வேலை!

விமானம் 10,000 அடிக்கு வரும்போது, நமது மனக்கணக்கின்படி ஓடுபாதைக்கு 30 கடல் மைல் இருக்கும். சராசரி வேகம் மணிக்கு 370 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் எஞ்சியிருப்பது ஒன்பது நிமிடங்கள். அந்த ஒன்பது நிமிடங்களில் நடக்க வேண்டியவற்றில் சிலவற்றைப் பாருங்கள்.

தரையிலிருந்து கட்டுப்பாட்டாளர் வானொலியில் திசை, உயரம், வேகம் ஆகியவற்றுக்கான கட்டளைகளைத் தந்துகொண்டே இருப்பார். ஒவ்வொன்றையும் விமானி திருப்பிச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். நடுவில் ஒரு கட்டுப்பாட்டாளரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும்போது வானொலி அலைவரிசையை மாற்ற வேண்டும். இறக்கைகளின் பின்விளிம்பிலுள்ள ஃபிளாப் என்னும் பகுதிகளைப் படிப்படியாக நீட்ட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு வேக வரம்பு உண்டு. சக்கரங்களை இறக்கி, அவை பூட்டிக்கொண்டனவா என்று விளக்குகளைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். ஓடுபாதையிலிருந்து வரும் வழிகாட்டி வானொலிக் கற்றையைப் பிடித்து அதன் மேலேயே வர வேண்டும். மழை, மேகம், பக்கவாட்டுக் காற்று, பக்கத்தில் பறக்கும் மற்ற விமானங்கள் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

இவற்றோடு உயரமானி வேறு. அது உண்மையில் காற்றழுத்தத்தை அளக்கும் கருவி. மிக உயரத்தில் பறக்கும்போது எல்லா விமானங்களும் 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற பொது அழுத்தத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளும். இறங்கும்போதோ, அந்த ஊரின் அன்றைய அழுத்தத்தைக் கேட்டறிந்து உயரமானியில் திருத்தி வைக்க வேண்டும். தரைக்கு அருகில் ஒரு ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு சுமார் 27 அடி உயரத்திற்குச் சமம். அன்று அந்த ஊரில் அழுத்தம் 1003ஆக இருந்து, விமானி திருத்த மறந்துவிட்டால், உயரமானி காட்டுவதைவிட விமானம் சுமார் 270 அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருக்கும். ஒரு சிறிய திருகைத் திருப்ப மறந்ததன் விளைவு இது.

இறுதிக் கட்டத்தில் விமானம் வினாடிக்குச் சுமார் 72 மீட்டர் முன்னேறி, ஏறத்தாழ 12 அடி இறங்குகிறது. பத்து வினாடி கவனம் திரும்பினால் 720 மீட்டர் கடந்து, பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உயரம் அளவுக்குக் கீழே வந்துவிடும். 1,000 அடி உயரத்திலிருந்து தரைக்கு உள்ள நேரம் 80 வினாடிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

வேலை கூடுகிறது, நேரம் சுருங்குகிறது. விமானப் பயணத்தின் வேலைப் பளுவை வரைபடமாக வரைந்தால், புறப்படும்போது ஒரு குன்றும், நடுவில் நீண்ட சமவெளியும், இறங்கும்போது ஒரு மலையும் தெரியும்.

மனம் என்னும் குறுகிய பாலம்

நல்ல பயிற்சியுள்ள விமானிகள் இந்த மலையைத் தினமும் ஏறித்தான் இறங்குகிறார்கள். அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? அதைக் காட்ட ஒரு சோதனை. உங்கள் நண்பரோடு சேர்ந்து இப்போதே செய்து பார்க்கலாம்.

தொடர்பில்லாத மூன்று எழுத்துகளை, எடுத்துக்காட்டாக "ம, ட, க" என்று நண்பரிடம் சொல்லுங்கள். உடனே ஓர் எண்ணைக் கொடுத்து, அதிலிருந்து மும்மூன்றாகக் குறைத்துக்கொண்டே உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். 297, 294, 291, 288... பதினெட்டு வினாடி கழித்து நிறுத்தி, அந்த மூன்று எழுத்துகளைக் கேளுங்கள். முதல் தடவை அநேகமாகச் சரியாகச் சொல்லிவிடுவார். விடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் வேறு எழுத்துகள், வேறு எண் என்று ஏழெட்டுத் தடவை செய்யுங்கள். எழுத்துகள் கலங்கத் தொடங்குவதைக் காண்பீர்கள்.

1959இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாயிட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் ஆகிய இருவரும் இச்சோதனையை முறையாகச் செய்தார்கள். 18 வினாடிக்குப் பிறகு, பத்துத் தடவைகளில் ஏறத்தாழ ஒரு தடவைதான் சரியான விடை வந்தது. மூன்றே எழுத்துகள்! மறப்பதற்குக் காரணம் மறதிக் குணம் அன்று. எண்களைக் குறைக்கும் வேலை, எழுத்துகளை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள இடம் கொடுக்கவில்லை.

1953இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த காலின் செர்ரி இன்னொரு சோதனை செய்தார். இரண்டு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கச் செய்து, ஒரு காதில் கேட்பதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னவர்களிடம் மறுகாதில் என்ன கேட்டது என்று வினவினால், ஏதோ குரல் கேட்டது என்பதற்கு மேல் அவர்களால் அநேகமாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. காது திறந்திருந்தது, ஒலி உள்ளே போயிற்று, ஆனால் மனம் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

இவற்றிலிருந்து நமக்கு விளங்குவது என்ன? கண், காது, கை, கால் ஆகிய பல சாலைகள் உண்டு. ஆனால் அவை எல்லாம் வந்து சேரும் இடத்தில் ஒரு குறுகிய பாலம் இருக்கிறது. அதுவே கவனம். பழகிப்போன வேலைகள் அந்தப் பாலத்தைத் தொடாமலே நடந்துவிடும், நடந்துகொண்டே பேசுகிறோமல்லவா? ஆனால் யோசிக்க வேண்டிய வேலை எதுவாயினும் பாலத்தின் மேல்தான் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகும். பாலத்தின் மேல் எந்த வண்டி நின்றாலும், பின்னால் வருவது காத்திருக்கத்தான் வேண்டும். நிற்கும் வண்டியில் இருப்பது வீண் சுமையா, அவசியமான சுமையா என்பதைப் பாலம் பார்ப்பதில்லை.

இக்கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி அந்த மூன்று விபத்துகளைக் காண்போம்.

ஒரு சிறு விளக்கு

1972 டிசம்பர் 29ஆம் நாள் இரவு. ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401ஆம் எண் விமானம் நியூயார்க்கிலிருந்து மயாமிக்கு வந்துகொண்டிருந்தது. அது நான்கு மாதங்களுக்கு முன்புதான் பணிக்கு வந்த புதிய டிரைஸ்டார் விமானம். அதில் 176 பேர் இருந்தனர். இறங்குவதற்காகச் சக்கரங்களை இறக்கியபோது, முன்சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. சக்கரம் சரியாக இல்லையா? அல்லது விளக்குதான் கெட்டுப்போயிற்றா?

விமானிகள் இறங்குவதை நிறுத்தி, 2,000 அடிக்கு ஏறி, தானியங்கிச் செலுத்தியை அந்த உயரத்திலேயே வைத்துப் பறக்கும்படி அமைத்தார்கள். பிறகு விளக்கைக் கழற்றிப் பார்க்க முனைந்தார்கள். அது இறுகிக்கொண்டது. ஒருவர் விமானி அறைக்குக் கீழே உள்ள இடத்துக்கு இறங்கிச் சக்கரத்தை நேரில் பார்க்கச் சென்றார். இதற்கிடையில், விமானியின் கை திசைத்தண்டின் மேல் பட்டு அழுத்தியதால், தானியங்கிச் செலுத்தி உயரத்தைப் பிடித்துவைப்பதை விட்டிருக்க வேண்டும் என்று பின்னர் கருதப்பட்டது. விமானம் மிக மெதுவாக இறங்கத் தொடங்கியது. கீழே எவர்கிளேட்ஸ் என்னும் சதுப்பு நிலம்; அங்கே ஒரு விளக்கும் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தாலும் இருட்டுதான்.

குறித்த உயரத்திலிருந்து 250 அடி விலகியதும் எச்சரிக்கை மணி ஒலித்தது. அது ஒலித்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை. செர்ரியின் சோதனையில் இன்னொரு காதில் போன பேச்சைப் போல அது வீணாயிற்று. கட்டுப்பாட்டாளரின் ரேடாரில் 900 அடி என்று தெரிந்தது. அக்காலத்து ரேடார் சில நொடிகள் தவறாகக் காட்டுவதும் உண்டு. அவர் உயரத்தைக் குறிப்பிடாமல், நிலைமை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். திரும்பி வர விரும்புகிறோம் என்றே பதில் வந்தது. சற்று நேரத்தில் விமானம் சதுப்பு நிலத்தில் மோதியது. 101 பேர் இறந்தனர்.

முன்சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டியிருந்தது. பழுது விளக்கில்தான். கடைசி நான்கு நிமிடங்கள் கருவிகளை யாரும் கவனிக்கவில்லை என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு கூறியது. விமானி அறையில் தேர்ந்த மனிதர்கள் இருந்தார்கள். எல்லோருடைய பாலத்தின் மேலும் அந்த ஒரே விளக்கு நின்றிருந்தது.

அரட்டை

1974 செப்டம்பர் 11ஆம் நாள் காலை. அதே நிறுவனத்தின் 212ஆம் எண் விமானம் அமெரிக்காவின் சார்லட் நகரில் இறங்க வந்தது. 82 பேர் இருந்தனர். இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை. தரையை ஒட்டி ஆங்காங்கே மூடுபனி. இறங்கும்போது விமானிகள் அரசியல் முதல் பழைய கார்கள் வரை பலவற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வழியில் தெரிந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் கோபுரத்தை அடையாளம் காண்பதிலும் அவர்கள் கவனம் சென்றது. குறிப்பிட்ட உயரங்களைக் கடக்கும்போது உரக்கச் சொல்ல வேண்டிய அறிவிப்புகள் சொல்லப்படவில்லை. இறுதிக் கட்டத்தின் தொடக்கப் புள்ளியைக் கடந்தபோது விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிடச் சுமார் 450 அடி தாழ்வாக இருந்தது. ஓடுபாதைக்கு மூன்று மைலுக்கு மேல் இருக்கும்போதே தரையில் மோதியது. 72 பேர் மாண்டனர்.

இங்கும் எச்சரிக்கை ஒலி உண்டு. தரையிலிருந்து 1,000 அடிக்கு வந்ததும் அது ஒலித்தது. ஆனால் அக்கருவி ஒவ்வொரு முறை இறங்கும்போதும், ஆபத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒலிக்கும். தினமும் ஒலிக்கும் மணி, எச்சரிக்கையாக இல்லாமல் தொந்தரவாகிவிடுகிறது.

வேலையே இடையூறானபோது

சும்மா பேசாமல் இருந்தால் போதும், ஆபத்து நீங்கிவிடும் என்று நினைக்கிறீர்களா? மூன்றாவது விபத்தைக் கேளுங்கள்.

1989 ஜனவரி 8ஆம் நாள் இரவு. பிரிட்டிஷ் மிட்லண்ட் நிறுவனத்தின் போயிங் 737-400 விமானம் லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் நகருக்கு 126 பேருடன் புறப்பட்டது. சுமார் 28,000 அடியில் இடது என்ஜினின் விசிறித் தகடு ஒன்று முறிந்தது. விமானம் அதிர்ந்தது, புகை நாற்றம் வந்தது. விமானிகள் வலது என்ஜினில்தான் கோளாறு என்று எண்ணி அதன் வேகத்தைக் குறைத்தார்கள். தற்செயலாக அதே சமயத்தில் அதிர்வும் குறைந்தது. ஆகவே தம் முடிவு சரி என்று நம்பி, நன்றாக இருந்த வலது என்ஜினை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு அருகிலிருந்த ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்கத் தொடங்கினார்கள். வழியில் ஓரிடத்தில் தலைமை விமானிக்கு, உண்மையில் என்னென்ன அறிகுறிகள் தெரிந்தன என்று மறுபடி யோசித்துப் பார்க்கும் எண்ணம் வந்தது. அந்தப் பேச்சைத் தொடங்கியும்விட்டார். அப்போது வானொலியில் கட்டுப்பாட்டாளரின் கட்டளை வந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்து, புதிய விமான நிலையத்தின் விவரங்களை வழிகாட்டும் கணினியில் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. துணைவிமானி எவ்வளவு முயன்றும் அது படியவில்லை. தொடங்கிய யோசனை தொடரப்படவே இல்லை. இடது என்ஜினிலிருந்து தீப்பொறி வந்ததை விமானத்தின் பின்பகுதியில் இருந்த சிலர் கண்டார்கள். அச்செய்தியும் விமானி அறையை எட்டவில்லை. ஓடுபாதைக்குச் சற்று முன்பு இடது என்ஜின் முற்றிலும் செயலிழந்தது. கெக்வொர்த் என்ற ஊருக்கருகே நெடுஞ்சாலை ஓரத்தில் விமானம் விழுந்து, 47 பேர் இறந்தனர்.

இங்கே யாரும் அரட்டை அடிக்கவில்லை. வானொலிக்குப் பதில் சொன்னது கடமை. கணினியில் பதிவுசெய்ய முயன்றதும் கடமை. ஆனால் அந்தக் கடமைகளே பாலத்தை அடைத்துக்கொண்டு, அவற்றையெல்லாம்விட முக்கியமான ஒரு கேள்வியை வெளியே நிறுத்திவிட்டன.

விதியும் வழிமுறைகளும்

சார்லட் விபத்தையும் அதைப் போன்ற மற்றவற்றையும் ஆராய்ந்த பிறகுதான், அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1981இல் நாம் தொடக்கத்தில் கண்ட விதியைக் கொண்டுவந்தது. அறுவைச் சிகிச்சை அறையில் கிருமிகளை விலக்கிவைப்பது போல, விமானி அறையிலிருந்து தேவையற்ற பேச்சையும் வேலையையும் விலக்கிவைப்பதால் இதற்கு "ஸ்டெரைல் காக்பிட்" என்று பெயர் வழங்குகிறது. உணவு உண்பது, ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சிகளைப் பயணிகளுக்கு ஒலிபெருக்கியில் விளக்குவது, சமையல் பகுதிக்கு வேண்டிய பொருள்களை நிறுவனத்திடம் கேட்பது, பயணிகளுக்கு அடுத்த விமானம் கிடைக்குமா என்று விசாரிப்பது, கணக்குத் தாள்களை நிரப்புவது ஆகிய எல்லாவற்றையும் அந்த விதி பெயர் சொல்லியே தடுக்கிறது. இவை யாவும் சாதாரண வேலைகள். 35,000 அடியில் செய்தால் கேடில்லை. ஒன்பது நிமிடமே மிச்சமிருக்கும்போது செய்வதுதான் கேடு.

ஆனால் விதியை இயந்திரம் போலப் பிடித்துக்கொண்டாலும் தீங்கு வரலாம். "இப்போது விமானியைக் கூப்பிடக் கூடாது" என்று தயங்கி, பணிப்பெண் ஒருவர் தாம் கண்ட புகையைச் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும்? ஆகவேதான், பாதுகாப்பு தொடர்பான செய்திக்கு எந்த உயரத்திலும் தடை இல்லை என்று அவர்களுக்குப் பயிற்சியில் வற்புறுத்துகிறார்கள்.

கெக்வொர்த் காட்டிய சிக்கலுக்கு, அதாவது வேலையே வேலைக்கு இடையூறாவதற்கு, பேசாதிருப்பது மருந்தாகாது. அதற்கு வேறு வழிகள் வேண்டும்.

முதல் வழி, மலையின் ஒரு பகுதியை வெட்டிச் சமவெளிக்குக் கொண்டுபோவது. இறங்கத் தொடங்குவதற்கு முன்பே, வேலை குறைவாக உள்ள நேரத்தில், எந்த ஓடுபாதை, எந்த வழி, எந்தெந்த உயரம், இறங்க முடியாவிட்டால் எந்தப் பக்கம் ஏறுவது என்பனவற்றை விமானிகள் இருவரும் பேசி முடிவுசெய்து, கணினியிலும் பதிந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வழி, வேலையைப் பிரித்துக்கொள்வது. ஒருவர் விமானத்தை ஓட்டுவார். மற்றவர் வானொலியைக் கவனிப்பதோடு, ஓட்டுபவரையும் கருவிகளையும் கண்காணிப்பார். எந்தக் கோளாறு வந்தாலும் ஒருவருடைய கண் உயரமானியிலும் வேகமானியிலும் இருந்தே தீர வேண்டும். டிரைஸ்டாரின் அந்தச் சிறு விளக்கு கற்பித்த பாடம் இது.

மூன்றாவது வழி, மறுபடி முயல்வதற்குத் தயங்காதிருப்பது. பல நிறுவனங்களில் 1,000 அடிக்கு வரும்போது வேகம், வழி, இறங்கும் விகிதம், சக்கரம், ஃபிளாப் ஆகிய எல்லாம் சரியாக அமைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் "எப்படியாவது சமாளித்துவிடலாம்" என்று இறங்கக் கூடாது. மேலே ஏறிச் சுற்றிவந்து மீண்டும் முயல வேண்டும். சுற்றிவருவதால் கிடைப்பது வேறொன்றுமில்லை, நேரம்தான். பாலம் காலியாவதற்கு அந்த நேரம் போதும்.

நான்காவது வழி, கருவிகளைத் திருத்தியது. டொனால்டு பேட்மேன் என்ற கனடா நாட்டுப் பொறியாளர், விமானம் தரையை ஆபத்தான விதத்தில் நெருங்கும்போது மட்டும் குரல் கொடுக்கும் கருவியை உருவாக்கினார். 1974 டிசம்பரில் வாஷிங்டன் நகருக்கு அருகே ஒரு விமானம் இறங்க வரும்போது மலையில் மோதிய பிறகு, பெரிய பயணிகள் விமானங்களில் இத்தகைய கருவி இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதிக்கப்பட்டது. எப்போதும் கத்தும் மணிக்கும் தேவையான நொடியில் மட்டும் பேசும் குரலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சார்லட்டின் கதையே உங்களுக்குச் சொல்லும்.

இந்த நான்கு வழிகளிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? "இன்னும் கவனமாக இருங்கள்" என்று எங்கும் சொல்லவில்லை. அந்த விமானிகள் யாரும் கவனமே இல்லாதவர்கள் அல்லர். கவனம் அளவுக்கு உட்பட்டது. உபதேசத்தால் அதைப் பெருக்க முடியாது. எந்த நேரத்தில் எந்த வேலை பாலத்தின் மேல் ஏற வேண்டும் என்பதை முன்கூட்டியே ஒழுங்குசெய்ய மட்டுமே முடியும். பேருந்து ஓட்டுநருக்கு அருகே எழுதியிருக்கும் வாசகமும், சைக்கிளில் போகும்போது கைப்பேசியைப் பையில் போட்டுவிடச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

நீங்களே கணக்கிடுங்கள்

1. ஒரு விமானம் 28,000 அடியில் பறக்கிறது. ஓடுபாதைக்கு எத்தனை கிலோமீட்டர் இருக்கும்போது அது இறங்கத் தொடங்க வேண்டும்?

2. அந்த விமானம் வினாடிக்கு 220 மீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும்போது, விமானிகள் பேச்சு மும்முரத்தில் ஒன்றரை நிமிடம் தாமதித்துவிட்டார்கள். இருக்க வேண்டிய உயரத்தைவிட அவர்கள் எத்தனை அடி மேலே இருப்பார்கள்?

விடை: 1. 28 × 3 = 84 கடல் மைல்; சுமார் 156 கிலோமீட்டர். 2. ஒன்றரை நிமிடத்தில் 19.8 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 10.7 கடல் மைல். அதை 3ஆல் வகுத்தால் சுமார் 3,600 அடி.